நெட் வேகமாகத்தான் இருக்கிறது, அப்புறம் ஏன் திக்குகிறது? வீட்டு இணையத்தை அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சிங்கப்பூரில் நெட்வொர்க் கண்காணிப்பு வேலை பார்ப்பவன். இரவு ஷிஃப்ட்டில் திரையில் ஓடும் கோடுகளை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் பாதி வேலை. அதனாலேயே வீட்டில் நெட் திக்கினால் சொந்தக்காரர்கள், மேல்மாடி அண்ணன், மகளின் டியூஷன் டீச்சர் என்று எல்லோரும் என்னைத்தான் பிடிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் தட்டிக்கொண்டிருப்பதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று எழுதியது இது. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை, ஆனால் இரண்டாவது கேள்வியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

1 ஜிபிபிஎஸ் திட்டம் வாங்கினேன், வேகச் சோதனையில் 940 எம்பிபிஎஸ்தான் வருகிறது. மீதியை யார் தின்றது?

யாரும் தின்னவில்லை. (1 ஜிபிபிஎஸ் என்றால் 1,000 எம்பிபிஎஸ்.) இணையத்தில் எதுவும் பாக்கெட் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் போகும். கம்பியில் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் தன் உறையையும் முகவரியையும் தானே சுமந்துகொண்டு போகிறது. ஈதர்நெட்டில், அதாவது கேபிள் இணைப்பில், முழு பாக்கெட் ஒன்று 1,500 பைட். அதற்கு முன்னும் பின்னும் ஒட்டும் தலைப்பு, சரிபார்ப்பு எண், அடுத்த பாக்கெட்டுக்கு முன்னால் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்தால் 1,538 பைட் போகிற நேரத்தை எடுத்துக்கொள்ளும். அந்த 1,500-க்குள்ளும் ஐபி, டிசிபி என்ற அனுப்பும் விதிமுறைகளின் தலைப்புகளுக்கு 52 பைட் போய்விட்டால் உங்கள் கோப்புக்கு மிஞ்சுவது 1,448. இதை 1,538-ஆல் வகுத்துப் பாருங்கள், 94 சதவீதச் சொச்சம் வரும். 940 வருகிறது என்றால் உங்கள் லைன் முழுசாக ஓடுகிறது. நிறுவனத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்க இதில் ஒன்றும் இல்லை.

சரி, அவ்வளவு வேகம் இருந்தும் ஊருக்கு வீடியோ காலில் பேசும்போது அம்மா முகம் ஏன் அப்படியே உறைந்து நிற்கிறது?

வேகச் சோதனை அளப்பது ஒன்று, கால் கேட்பது வேறு. வேகச் சோதனை பக்கத்திலேயே, பெரும்பாலும் சிங்கப்பூருக்குள்ளேயே இருக்கும் ஒரு சர்வரோடு ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, சில விநாடிகளில் எவ்வளவு கொட்ட முடியும் என்று பார்க்கிறது. பேச்சுக்குக் கொட்டத் தேவையே இல்லை. பழைய தொலைபேசித் தரமான ஜி.711-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதாவது விநாடிக்கு 50, ஒவ்வொன்றும் தலைப்போடு சேர்த்து 200 பைட். மொத்தமே 80 கேபிபிஎஸ். வீடியோவைச் சேர்த்தாலும் சில எம்பிபிஎஸ்தான், உங்கள் 940-க்கு முன்னால் அது ஒரு துரும்பு. ஆனால் அந்த 50 பாக்கெட்டும் சீரான இடைவெளியில், வழியில் தொலையாமல் வந்து சேர வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடற்பாலம் வழியாக மலேசியாவின் ஜோகூருக்குப் போகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். கடற்பாலத்தை ஒரு மணி நேரத்தில் எத்தனை கார் கடக்கிறது என்பதா உங்கள் கவலை? உங்கள் கார் எப்போது அந்தப் பக்கம் போய்ச் சேரும் என்பதுதானே.

அதனால் பார்க்க வேண்டியது நான்கு. ஒரு பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது, அதுதான் தாமதம். அந்த நேரம் எவ்வளவு முன்னும் பின்னும் ஆடுகிறது, அது ஜிட்டர். நூற்றில் எத்தனை வராமலே போகிறது, அது இழப்பு. நாலாவதைத்தான் யாரும் அளப்பதில்லை: வீட்டில் வேறு யாராவது எதையாவது ஏற்றிக்கொண்டோ இறக்கிக்கொண்டோ இருக்கும்போது அந்தத் தாமதம் எவ்வளவு ஏறுகிறது. என்னைக் கேட்டால் இந்த நாலாவது எண் ஒன்றுதான் வேண்டும், மற்ற மூன்றையும் விட்டாலும் விடலாம்.

இன்னொரு விஷயம், இது காசில்லாத சோதனை. யார் முகம் உறைகிறது என்று கவனியுங்கள். உங்கள் திரையில் அம்மா உறைந்தால், அங்கிருந்து இங்கே வரும் வழியில் கோளாறு. அம்மா "உன் மூஞ்சி அப்படியே நிக்குதுடா" என்றால் இங்கிருந்து அங்கே போகும் வழியில். இரண்டும் வெவ்வேறு வழிகள், ஒன்று சரியாக இருந்து மற்றது கெட்டுப்போவது ரொம்ப சகஜம்.

ஒவ்வொரு ஆப்பும் நெட்டை ஒரே மாதிரிதானே பயன்படுத்துகிறது?

கிடையவே கிடையாது. ஒரு நாள் முழுக்க வீட்டு டிராஃபிக்கைப் பதிவு செய்து வரைபடமாகப் போட்டுப் பாருங்கள், பெயரே போடாவிட்டாலும் எது எது என்று சொல்லிவிடலாம். நடையைப் பார்த்தே ஆளைச் சொல்வது மாதிரி.

யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை விழுங்கிவிட்டுத் தூங்கும். படம் சில விநாடி நீளத் துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு துண்டை முழு வேகத்தில் இழுக்கும், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது, அடுத்த துண்டு. வரைபடத்தில் வரிசையாக ஊசிகள் நட்டு வைத்தது போலிருக்கும். கையிருப்பு நிறைய வைத்துக்கொள்வதால் நடுவில் இரண்டு விநாடி நெட்டே இல்லாவிட்டாலும் உங்களுக்குத் தெரியாது. யூடியூபில் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்தால் 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒன்று வரும், அதில் கையிருப்பு எத்தனை விநாடி என்று ஓடிக்கொண்டிருக்கும். அந்த எண் பூஜ்யத்தைத் தொட்டால்தான் படம் சுற்றும்.

வீடியோ கால் அப்படியில்லை. கையிருப்பு வைக்கவே முடியாது, எதிரில் இருப்பவர் இன்னும் அந்த வார்த்தையைப் பேசவே இல்லையே. சில பத்து மில்லிசெகண்டுக்கு மட்டும் சின்னதாக ஒரு தாங்கல் (பஃபர்) வைத்துக்கொள்ளும், அதைத் தாண்டி வந்த பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். அதனால் காலைப் பொறுத்தவரை தாமதமாக வந்ததும் தொலைந்ததும் ஒன்றுதான்.

கேம் இன்னும் கறார். டேட்டா ரொம்பக் குறைவு, சின்னச் சின்ன யுடிபி பாக்கெட்டுகள் (அது என்ன என்று அடுத்த கேள்வியில்), ஆனால் விடாமல் போய்க்கொண்டே இருக்கும். வேலரண்ட் என்ற கேமின் சர்வர் விநாடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது, அப்படியென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் 8 மில்லிசெகண்ட்கூட இல்லை. பையன்கள் 'லேக்' என்று கத்துவதில் நியாயம் இருக்கிறது, நாம்தான் படிக்காமல் விளையாடுகிறான் என்று திட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

படங்களை மேகத்தில் (கிளவுடில்) ஏற்றும் பேக்கப், விண்டோஸ் அப்டேட், கேம் டவுன்லோடு எல்லாம் கிடைப்பதை எல்லாம் எடுத்துக்கொள்ளும் ரகம். தாமதத்தைப் பற்றி அவற்றுக்குக் கவலையில்லை, பத்து நிமிடம் தாமதமானாலும் யாரும் கேட்கப்போவதில்லை. வீட்டில் மற்ற எல்லோரையும் கெடுப்பதும் இவைதான்.

டிசிபி, யுடிபி, குவிக் என்கிறார்களே, இதில் எது வேகம்?

தூரத்தைச் சொல்லுங்கள், பதில் சொல்கிறேன்.

டிசிபி பதிவுத் தபால் மாதிரி. போய்ச் சேர்ந்ததா என்று ஒப்புகை வாங்கும், வராததைத் திரும்ப அனுப்பும், வரிசை மாறாமல் கொடுக்கும். யுடிபி போட்டுவிட்டு மறந்துவிடும் ரகம், கால்களுக்கும் கேம்களுக்கும் அதுதான் வசதி. குவிக் என்பது யுடிபியின் மேல் உட்கார்ந்துகொண்டு டிசிபி செய்வதையெல்லாம் தன் பாணியில் செய்வது. கூகுளில் பிறந்தது, 2021-இல் ஆர்எஃப்சி 9000 என்ற எண்ணில் இணையத் தர ஆவணமானது, அதன் மேல் ஓடி இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி/3 2022-இல் வந்தது.

கணக்கைப் பாருங்கள். டிசிபியில் ஒரு பாதுகாப்பான பக்கத்தைத் திறக்க முதலில் கைகுலுக்க ஒரு போய்வரும் நேரம், குறியாக்கத்தை ஏற்படுத்தும் டிஎல்எஸ் 1.3-க்கு இன்னொன்று, அப்புறம் பக்கத்தைக் கேட்டு முதல் பைட் வர இன்னொன்று, ஆக மூன்று. குவிக்கில் முதல் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் இரண்டு. ஏற்கெனவே போன இடம் என்றால் சில சமயம் ஒன்றே போதும். அமெரிக்க மேற்குக் கரைக்கு இங்கிருந்து போய்வர 175 மில்லிசெகண்ட் என்று வைத்தால் 525-க்கு 350, கண்ணுக்கே தெரியும். சிங்கப்பூருக்குள் 4 மில்லிசெகண்டில் இருக்கும் சர்வர் என்றால் 12-க்கு 8. அந்த நாலு மில்லிசெகண்டை உணர்ந்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாம் பார்க்கும் பெரிய தளங்களின் நகல்கள் இங்கேயே டேட்டா சென்டர்களில் இருப்பதால், குவிக்கின் பெருமை சிங்கப்பூர் ஃபைபரில் அவ்வளவாகத் தெரியாது. எம்ஆர்டி ரயிலில் போனை வைத்துக்கொண்டு போகும்போது தெரியும், பாக்கெட் தொலையும் இடத்தில்தான் அதற்கு வேலை. முந்தைய எச்டிடிபி/2-இல் எல்லாம் ஒரே டிசிபி இணைப்பில் போவதால், ஒரு பாக்கெட் தொலைந்தால் பின்னால் வந்த படம், எழுத்து எல்லாமே அது திரும்பி வரும்வரை காத்திருக்கும். குவிக்கில் அந்த ஒரு படம் மட்டும் காத்திருக்கும்.

டிசிபியைக் கிழவன் என்று ஒதுக்கவும் வேண்டாம். 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கஜ தூரம், வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. எல்லோரும் தொலைந்ததைத் திரும்பத் திரும்ப அனுப்பி அனுப்பியே ரோட்டை அடைத்துவிட்டார்கள். அதைப் பார்த்து வான் ஜேக்கப்சன் எழுதிய நெரிசல் கட்டுப்பாட்டு முறை 1988-இல் வெளிவந்தது, இன்றைக்கு குவிக்குக்குள்ளும் அதே சிந்தனைதான் ஓடுகிறது.

சென்னைக்கு எவ்வளவு தாமதம் இருந்தால் நியாயம்?

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்குக் கடலடியில் போகும் கேபிள் 3,000 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். போக 16, வர 16, ஆக 32 மில்லிசெகண்டுக்குக் கீழே எந்த நிறுவனத்தாலும் தர முடியாது, எத்தனை வெள்ளி (டாலர்) கொடுத்தாலும் சரி. அதன் மேல் ரௌட்டர்கள், சென்னையிலிருந்து ஊர் வரை போகும் வழி எல்லாம் சேரும். 40, 50 வந்தால் நல்ல வழி. 200-க்கு மேல் வந்தால் பாக்கெட் ஊர் சுற்றிக்கொண்டு போகிறது, அல்லது எங்கோ வரிசையில் நிற்கிறது. பேச்சுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் பிரச்சினையில்லை என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியு-வின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது, அதைத் தாண்டத் தாண்ட இரண்டு பேரும் ஒரே சமயத்தில் "சொல்லுங்க சொல்லுங்க" என்று முட்டிக்கொள்வீர்கள்.

10 ஜிபிபிஎஸ் எடுத்தால் அமெரிக்க சர்வரிலிருந்து வேகமாக இறங்குமா?

இதைத்தான் விற்பனை மேசையில் யாரும் சொல்வதில்லை. டிசிபி எடுத்த எடுப்பில் முழு வேகம் போகாது. முதலில் 10 பாக்கெட் அனுப்பும், ஒப்புகை வந்ததும் 20, அப்புறம் 40, 80 என்று இரட்டிக்கும். 1 எம்பி கோப்பு என்பது ஏறக்குறைய 690 பாக்கெட். கூட்டிக்கொண்டே வாருங்கள்: 10, 30, 70, 150, 310, 630, ஏழாவது சுற்றில்தான் முடியும். ஏழு தடவை 175 என்றால் 1.2 விநாடி. உங்கள் லைன் 1 ஜிபிபிஎஸ் ஆனாலும் 10 ஆனாலும் அதே 1.2 விநாடிதான்.

இழப்பு வந்துவிட்டால் இன்னும் மோசம். பழைய ரக டிசிபிக்கு 1997-இல் மேத்திஸும் கூட்டாளிகளும் கொடுத்த ஒரு சூத்திரம் இருக்கிறது: வேகம் போய்வரும் நேரத்துக்கு நேர் எதிராகவும், இழப்பின் வர்க்கமூலத்துக்கு எதிராகவும் போகும். பத்தாயிரத்தில் ஒரு பாக்கெட் தொலைந்தால் 4 மில்லிசெகண்ட் தூரத்தில் ஓர் இணைப்புக்கு 350 எம்பிபிஎஸ் கிடைக்கும், 175 மில்லிசெகண்ட் தூரத்தில் 8-தான். இப்போது லினக்ஸிலும் விண்டோஸிலும் இருக்கும் க்யூபிக் என்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறையும், கூகுள் 2016-இல் வெளியிட்ட பிபிஆரும் இதைவிட நன்றாகவே செய்கின்றன, ஆனாலும் போக்கு அதே போக்குதான்.

இங்கே அரசாங்கம் 2024-இல் நாடளாவிய அகன்ற அலைவரிசைக் கட்டமைப்பை 10 ஜிபிபிஎஸுக்கு மேம்படுத்த 10 கோடி வெள்ளி வரை ஒதுக்குவதாக அறிவித்தது, நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் மடிக்கணினியின் போர்ட் 1 ஜிபிபிஎஸா 2.5-ஆ என்று முதலில் பாருங்கள். பெரிய வீடியோக் கோப்புகளோடு மாரடிக்கிறவர்கள் வாங்கலாம். மற்றவர்கள் அந்தக் காசில் நல்ல வைஃபை கருவி வாங்குங்கள்.

எதை வைத்து அளப்பது?

பிங், டிரேஸ்ரூட், ஐபெர்ஃப்3, வயர்ஷார்க். நான்குமே இலவசம். பிங் ஒரு பாக்கெட்டை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும். டிரேஸ்ரூட் வழியில் இருக்கும் ஒவ்வொரு ரௌட்டரையும் அது பதில் சொல்ல எடுக்கும் நேரத்தையும் வரிசையாகக் காட்டும், பதில் வராவிட்டால் நட்சத்திரம். பிங் 1983-இல் மைக் மூஸ் ஒரு சாயங்கால வேலையாக எழுதியது, இன்னும் அதை மிஞ்ச ஒன்றும் வரவில்லை. ஐபெர்ஃப்3 இரண்டு கணினிகளுக்கு நடுவே எவ்வளவு கொட்டலாம் என்று அளக்கும், வீட்டுக்குள்ளேயே வைஃபையைச் சோதிக்க அருமையானது, யுடிபி என்று சொல்லி ஓட்டினால் ஜிட்டரும் இழப்பும்கூடக் காட்டும். வயர்ஷார்க் ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்துக் காட்டும். முதல் தடவை திறக்கிறவர்களுக்குத் தலை சுற்றும், பரவாயில்லை, 'ஐஓ கிராஃப்' என்ற வரைபடத்தை மட்டும் திறந்து பாருங்கள், மேலே சொன்ன நடைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

அது வேண்டாம் என்பவர்களுக்கு, ஸூம் அமைப்புகளில் புள்ளிவிவரம் என்ற பகுதியில் தாமதம், ஜிட்டர், இழப்பு மூன்றும் போகிறதுக்கும் வருகிறதுக்கும் தனித்தனியாக இருக்கும். வகுப்பு நடக்கும்போது அதைத் திறந்து ஒரு படம் பிடித்து வைத்தாலே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

டிரேஸ்ரூட்டில் நடுவில் ஒரு ரௌட்டர் 250 மில்லிசெகண்ட் காட்டுகிறது, அடுத்தது வெறும் நட்சத்திரமாக வருகிறது. அங்கேதானே கோளாறு?

அவசரப்படாதீர்கள். ரௌட்டரின் முதல் வேலை பாக்கெட்டைக் கடத்துவது, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்வது ஓய்வு நேரத்தில். அதற்கு அடுத்த இடங்கள் எல்லாம் 40 காட்டினால் நடுவில் இருப்பவர் சோம்பேறி, அவ்வளவுதான். ஒரு இடத்தில் ஏறி, கடைசிவரை ஏறியே இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

குறை வைஃபையிலா லைனிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு என் வீட்டுக் கதையே போதும். செங்காங்கில் நாலறை வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு. இழை வந்து முடியும் இடம் பாம் ஷெல்டர் பக்கம், முன்பிருந்தவர் எல்லாக் கருவிகளையும் அதற்குள்ளேயே வைத்து இரும்புக் கதவைச் சாத்தியிருந்தார், பார்க்க அழகாக இருக்கிறதே என்று நானும் அப்படியே விட்டுவிட்டேன். குண்டு போட்டாலும் தாங்க வேண்டும் என்று கட்டிய கான்கிரீட் சுவர், வைஃபை எப்படி வெளியே வரும்? மகள் அறை வீட்டின் அந்தக் கோடி. புதன்கிழமை சாயங்காலம் ஆன்லைன் டியூஷனில் டீச்சர் குரல் ரோபோ மாதிரி ஆகிறது என்று வாராவாரம் ஒரு புகார்.

மடிக்கணினியை அவள் மேசையில் வைத்து மூன்று பிங் ஜன்னல்களைத் திறந்தேன். ஒன்று வீட்டு ரௌட்டருக்கு, ஒன்று அதற்கு அடுத்து இருக்கும் நிறுவனத்தின் முதல் ரௌட்டருக்கு, ஒன்று வெளியில் கூகுளின் பொது சர்வரான 8.8.8.8-க்கு. சும்மா இருக்கும்போது 4, 6, 7 என்று ஓடியது. ஆறு மணி வாக்கில் மூன்றும் ஒன்றாகத் தாவின: 310, 415, 388. முதல் ஜன்னலைப் பாருங்கள், வீட்டு ரௌட்டரே 310. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெட்டி. அப்படியென்றால் வெளியில் யார் மேலும் பழி போட முடியாது. என்ன நடந்தது என்று தேடினால், மனைவி வேலை முடிந்து வந்து போனைச் சார்ஜில் போட்டதும் அது அன்றைய படங்களை மேகத்துக்கு ஏற்ற ஆரம்பிக்கிறது, அதுவும் சிக்னல் மோசமான படுக்கையறையிலிருந்து. வைஃபை ஒரே காற்று, ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம், மெதுவாகப் பேசுகிறவர் நேரத்தையெல்லாம் தின்றுவிடுவார். மற்றவர்களின் பாக்கெட்டுகள் வரிசையில் நிற்கும்.

இப்படிக் கருவிக்குள் வரிசை நீளமாகிக்கொண்டே போவதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர், ஜிம் கெட்டிஸ் 2010-இல் தன் வீட்டு நெட் ஏன் இப்படி இழுக்கிறது என்று துருவப் போய் வைத்த பெயர். நினைவகம் மலிவாகிவிட்டதால் கருவிகளில் பெரிய பெரிய தாங்கல்களை வைத்துவிட்டார்கள், பாக்கெட் தொலையாது, ஆனால் கியூவில் கிடக்கும். வழக்கமான டிசிபிக்கோ பாக்கெட் தொலைந்தால்தான் நெரிசல் என்றே புரியும், அதனால் மேலும் மேலும் அனுப்பிக்கொண்டே இருக்கும். இதற்கு மருந்து எஃப்கியூ-கோடல் என்ற கியூ முறை: ஒவ்வோர் இணைப்புக்கும் தனி வரிசை, ரொம்ப நேரம் நின்றதைத் தூக்கி எறிவது. 2018-இல் ஆர்எஃப்சி 8290 ஆனது, ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற ரௌட்டர் மென்பொருள் போட்ட கருவிகளில் கூடவே வரும். சில கடைக் கருவிகளில் 'ஸ்மார்ட் கியூ' என்ற மாதிரிப் பெயரில் இருக்கும், தேடிப் பார்த்துப் போடுங்கள்.

எங்கள் வீட்டில் நான் செய்தது அதைவிடச் சுலபம். ஷெல்டரிலிருந்து சுவரோரமாக ஒரு கேபிள் இழுத்து நடைவழியில் ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வைத்தேன். ஷெல்டர் சுவரின் மறுபக்கம் வரை துளை போடக் கூடாது, அதனால் கதவிடுக்கு வழியாகத் தட்டைக் கேபிள்.

சராசரித் தாமதம் 21 மில்லிசெகண்ட்தான் காட்டுகிறது, நல்லதுதானே?

சராசரி பொய் சொல்லும். நூறு பிங்கில் 98 தடவை 5 மில்லிசெகண்ட், இரண்டு தடவை 800 என்றால் சராசரி ஏறக்குறைய 21. அந்த 21 என்ற தாமதம் உங்கள் வீட்டில் ஒரு தடவைகூட நடக்கவில்லை. ஆனால் விநாடிக்கு 50 பாக்கெட் போகும் காலில் நூற்றுக்கு இரண்டு என்றால் விநாடிக்கு ஒன்று, அதைத்தான் ரோபோக் குரலாகக் கேட்கிறீர்கள். அளந்த எண்களை வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதையும், 99-ஆவது சதமானத்தையும் (நூற்றில் 99 அளவுகள் இதைத் தாண்டாது என்று காட்டும் எண்), ஆக மோசமானதையும் பாருங்கள். 95-ஆவது சதமானம் போதாது, மேலே சொன்ன உதாரணத்தில் அதுவும் 5 என்றே காட்டும்.

எங்கள் தொழிலில் 95-க்கு வேறொரு பயன் உண்டு. பெரிய நிறுவனங்களுக்கு டிராஃபிக் பில் போடும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு எடுத்து, மாதத்தின் மேல் 5 சதவீதத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தில் உயர்ந்ததற்குக் காசு வாங்குவது வழக்கம். 30 நாள் மாதத்தில் 36 மணி நேரம் என்ன ஆட்டம் போட்டாலும் கணக்கில் வராது. வீட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது.

எவ்வளவு நேரம் அளக்க வேண்டும்?

குறைந்தது ஒரு வாரம், ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் சேர வேண்டும். விநாடிக்கு ஒரு பிங் என்றால் மணிக்கு 3,600. ஆயிரத்தில் ஒன்று தொலைகிறதா என்று நூறு பிங்கை வைத்துச் சொல்ல முடியாது. பழைய கணினி ஒன்றைக் கேபிளில் மாட்டி ஒரு மூலையில் ஓடவிடுங்கள்.

எல்லாமே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதே, அப்புறம் எந்த ஆப் என்று எப்படித் தெரிகிறது?

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். எந்த முகவரிக்குப் போகிறது, எவ்வளவு பெரிய பாக்கெட், எத்தனை நேர இடைவெளி என்பதே போதும். பெரும்பாலும் இணைப்பின் தொடக்கத்தில் தளத்தின் பெயரும் வெளியே தெரியும்.

பக்கத்து வீட்டு வைஃபையையும் அலுவலக டிராஃபிக்கையும் பார்க்கலாமா?

கூடாது. உங்கள் வீடு, உங்கள் கருவி, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, அவ்வளவுதான். மற்றவர் டிராஃபிக்கை அனுமதியில்லாமல் இடைமறிப்பது கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்படி இங்கே குற்றம். அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் வயர்ஷார்க்கைத் திறக்காதீர்கள், ஆர்வத்தில் செய்தேன் என்பது பதிலாகாது.

நிறுவனத்துக்குப் புகார் செய்யும்போது என்ன கொடுக்க வேண்டும்?

"ரொம்ப ஸ்லோ" என்று சொன்னால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள். கேபிளில் இணைத்து அளந்தது, தேதி, மணி, மூன்று பிங்குகளும் பக்கத்தில் பக்கத்தில், டிரேஸ்ரூட் ஒன்று. வைஃபையில் எடுத்த எண்ணை அனுப்பினால் முதல் வரியிலேயே தள்ளிவிடுவார்கள். நானும் அப்படித்தான் தள்ளுவேன்.

எங்கள் பக்கம் எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் அம்மா முகம் உறைகிறது!

எனக்கும் உறைந்தது. கேபிள் இழுத்து, கியூவைச் சரிசெய்து, மகள் வகுப்பு சரியான பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலில் அம்மா வாயைத் திறந்தபடியே நின்றார். ஆனால் அம்மா திரையில் நான் தெளிவாக இருந்தேன். அப்படியென்றால் அங்கிருந்து வரும் வழி, அதாவது அவர் வீட்டிலிருந்து ஏற்றும் பக்கம் (அப்லோடு). தஞ்சாவூரில் அண்ணன் மகனிடம் சொல்லி அங்கிருந்து ரௌட்டருக்கு ஒரு பிங் போடச் சொன்னேன், 600-க்கு மேல். ரௌட்டர் எங்கேடா என்றால் ஒரு படம் அனுப்பினான். இரும்பு பீரோவுக்குப் பின்னால், அரிசி டின் மேல், பல்லி வராமல் இருக்க ஒரு எவர்சில்வர் தட்டால் மூடி வைத்திருக்கிறார்கள்.

தட்டை எடுத்து ரௌட்டரை ஜன்னலோரம் வைத்ததும் 5-க்கு வந்துவிட்டது. பல்லிக்கு இப்போது மயிலிறகு வைத்திருக்கிறாராம் அம்மா.